முடிந்த வழக்கில் மறுபடி சம்மனா? 337-ஆம் பிரிவைப் பயன்படுத்தும் முறை

ஒரு குற்றத்துக்காக விசாரணை முடிந்தபின் அதற்கே மறுபடி சம்மன் வந்தால், நீதிமன்றமாகப் பழைய வழக்குக் கட்டைத் தேடி எடுத்துப் பார்க்காது. மறுவிசாரணைக்குச் சட்டத்தில் தடை இருப்பதை எதிரிதான் (குற்றஞ்சாட்டப்பட்டவர்தான்) ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

அரசியலமைப்பின் 20(2) பிரிவு, ஏற்கெனவே வழக்கு நடந்து தண்டனையும் பெற்றவரை மட்டுமே காக்கிறது. விடுதலையானவருக்குக் கைகொடுப்பது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 337-ஆம் பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 300). மனுவில் 20(2)-ஐ மட்டும் எழுதிவிட்டு நிற்பது வீண்.

அடுத்து, பழைய வழக்கு எப்படி முடிந்தது என்று பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். விசாரித்து ‘குற்றவாளி இல்லை’ என்று தீர்ப்பு வந்திருந்தால் அது விடுதலை. சாட்சி விசாரணைக்கு முன்பே போதிய முகாந்திரம் இல்லையென்று விடுவித்திருந்தாலோ, தனிநபர் புகாரைத் தள்ளுபடி செய்திருந்தாலோ அது விடுதலை ஆகாது. அதே விஷயத்தில் மறுபடி வழக்கு வரலாம். அரசே வழக்கை வாபஸ் பெற்றிருந்தால் தேதியைப் பாருங்கள்: நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்தபின் (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று எழுத்தில் பதிந்தபின்) வாபஸ் என்றால் விடுதலை, அதற்கு முன் என்றால் வெறும் விடுவிப்பு. அரசுத் தரப்பு மேல்முறையீடு இரண்டாவது விசாரணை அல்ல.

பழைய தீர்ப்பு, வனைந்த குற்றச்சாட்டு, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை ஆகிய நான்குக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். இணையத்தில் எடுத்த பிரின்ட் போதாது. அதே சட்டத்தின் 334-ஆம் பிரிவின்படி, நகலோடு ‘அந்த எதிரி இவர்தான்’ என்பதையும் நிரூபிக்க வேண்டும்; தகப்பனார் பெயரில் எழுத்து மாறியிருந்தாலும் முகவரி மாறியிருந்தாலும் அதற்கான அடையாள ஆவணத்தையும் சேர்த்துவிடுங்கள்.

பிறகு இரண்டு குற்றப்பத்திரிகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள், நேரம், இடம், பாதிக்கப்பட்டவர், செய்ததாகச் சொல்லும் செயல் என வரி வரியாக ஒப்பிடுங்கள். பிரிவு எண் வேறாக இருப்பதால் மட்டும் தடை போய்விடாது. முதலாளி பொருளை வேலைக்காரர் திருடியதாக வழக்கு நடந்து விடுதலையானால், அதே சம்பவத்துக்குச் சாதாரணத் திருட்டு என்றோ நம்பிக்கை மோசடி என்றோ மறுபடி விசாரிக்க முடியாது. ஆனால் கொடுங்காயத்துக்குத் தண்டனை பெற்றபின் காயம்பட்டவர் இறந்துபோனால், மரணம் விளைவித்த குற்றத்துக்குப் புது வழக்கு செல்லும். ஒரே நிகழ்வில் தனியாகக் குற்றஞ்சாட்டியிருக்கக்கூடிய வேறு குற்றத்துக்கும் வழக்கு வரலாம். அதற்கு மாநில அரசின் இசைவு தேவை. இசைவாணை வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

முந்தைய நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லாமல் இருந்தாலோ, அரசு ஊழியர் வழக்கில் செல்லத்தக்க முன் அனுமதி இல்லாமல் விசாரணை நடந்திருந்தாலோ தடை எழாது. துறை விசாரணையில் தண்டனை பெற்றதும், சுங்கத்துறை பொருளைப் பறிமுதல் செய்ததும் இந்தக் கணக்கில் வராது. காசோலை பணமின்றித் திரும்பியதற்கான வழக்கு முடிந்தபின் அதே பணத்துக்கு மோசடி வழக்கு வந்தால் கவனம் தேவை: உச்ச நீதிமன்றத்தின் 2011, 2012 தீர்ப்புகள் இதில் எதிரெதிராக நிற்கின்றன. 2022-இல் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இந்தத் தடையைக் காட்டி, விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனுவுக்குக் கெடு 60 நாள். செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும் வழக்கில் அது கமிட்டலான (மாஜிஸ்திரேட் வழக்கை அங்கே அனுப்பிவைத்த) தேதியிலிருந்து ஓடும். போலீஸ் அறிக்கையில் வந்த வாரண்ட் வழக்கில் (இரண்டாண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்ற வழக்கில்) போலீஸ் ஆவணங்களின் நகல்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து. மனு தள்ளுபடியானால் மேல் நீதிமன்றத்தில் சீராய்வு மனு உண்டு; பி.என்.எஸ்.எஸ். 528-ஆம் பிரிவில் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.