பொட்டாசியம் ஆம்பூல் வார்டில் எதற்கு? மருந்துத் தவறுகளில் மருத்துவமனைகள் சறுக்கும் இடங்கள்

வார்டில் ஊசி மருந்து மாறிப்போனால் பல மருத்துவமனைகளில் முதலில் போவது டூட்டி நர்ஸுக்கு மெமோ. பிறகு ஒரு வகுப்பு எடுப்பார்கள், சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். மருந்து அடுக்கிய தட்டை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அடுத்த ஷிஃப்டில் வருகிற நர்ஸும் அதே தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

உடலில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு டிரிப்பில் கலந்து கொடுக்கும் பொட்டாசியம் குளோரைடு இதற்குச் சரியான உதாரணம். நம்மிடம் புழங்கும் 10 மில்லி ஆம்பூலில் (உடைத்து எடுக்கும் சிறு மருந்துக் குப்பி) 1.5 கிராம், அதாவது பொட்டாசியத்தை அளக்கும் அலகில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. பார்க்கத் தண்ணீர்தான். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலுக்குப் பக்கத்தில் வைத்தால் இரவு இரண்டு மணிக்கு யாருக்கும் கை மாறும். கலக்காமல் நேராக ரத்தக்குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். ஆகவே பொது வார்டிலிருந்து ஆம்பூலையே எடுத்துவிடுங்கள். ஐ.சி.யு.வில் வைத்தே ஆகவேண்டுமென்றால் பூட்டிய தனிப் பெட்டியில் வையுங்கள். வார்டுக்குத் தேவைப்படும்போது ஃபார்மசியே கலந்து, லேபிள் ஒட்டி அனுப்பட்டும்.

கலப்பதிலும் தவறு நடக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கும் டிரிப் பாட்டிலில் அப்படியே ஊசியால் ஏற்றினால், அடர்த்தி கூடிய பொட்டாசியம் அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே மொத்தமாக உள்ளே போய்விடும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்துத் தடவையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்ட வேண்டும். கையில் போட்ட லைன் வழியாக என்றால் 500 மில்லிக்கு ஓர் ஆம்பூல் போதும். வேகம் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டக் கூடாது. அந்த பாட்டில் ஓடி முடியக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆக வேண்டும்.

இன்சுலினில் சிக்கல் சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் வயல்கள் (சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கும் மருந்துக் குப்பிகள்) பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். பேனா ஊசி தீர்ந்துபோன நாளில், சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்து உறிஞ்சி 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். விடிவதற்குள் நோயாளி சுயநினைவு இழந்திருப்பார். கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விடவே கூடாது. 40, 100 இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் கிடக்கக் கூடாது. கொள்முதல் பிரிவு விலை பார்த்து 100 யூனிட் வயலுக்கு மாறினால், சிரிஞ்சையும் அன்றே மாற்றிவிட்டு வார்டுக்குச் சொல்ல வேண்டும்.

நோயாளிக்கான மருந்துகளை எழுதும் டிரக் சார்ட்டில் யூனிட் என்பதற்கு U என்று ஒற்றை எழுத்துச் சுருக்கம் போட்டால் அது சுழியமாகத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். புள்ளி கண்ணில் படாவிட்டால் 1.0 என்று எழுதியது 10, .5 என்று எழுதியது 5. போனில் சொல்லும் ஆர்டரில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். “ஒன்று, ஐந்து” என்று இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும்.

ஒருவர் எடுத்த மருந்தை இன்னொருவரும் பார்க்கும் இரட்டைச் சரிபார்ப்பு பல இடங்களில் வெறும் இரட்டைக் கையெழுத்துதான். “ஹெப்பாரின் ஒரு மில்லி எடுத்திருக்கேன், சரிதானே சிஸ்டர்?” என்று கேட்டால் பதில் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மில்லிக்கு 1000 யூனிட்டிலும் வருகிறது, 5000 யூனிட்டிலும் வருகிறது. இரண்டும் 5 மில்லி வயல்தான். இரண்டாமவர் சார்ட்டையும் வயலையும் கையில் வாங்கி, முதலாமவரின் விடையைக் கேட்காமல் தானே கணக்குப் போட வேண்டும். எல்லா மருந்துக்கும் இதைக் கட்டாயமாக்கினால் மூன்றே நாளில் சடங்காகிவிடும். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் என்று சுருக்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆளை அடையாளம் காண்பதிலும் இதே கோளாறு. “முருகேசன்தானே?” என்றால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். “உங்க பேரென்ன ஐயா?” என்று கேட்டு, கைப்பட்டையில் உள்ள பதிவு எண்ணோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது. நோயாளி மாலையில் ஜன்னலோரப் படுக்கைக்கு மாறியிருக்கலாம்.

கடைசியாக, தரக் குழுக் கூட்டத்தில் “இந்த மாதம் தவறு அறிக்கை பூஜ்யம்” என்று கைதட்டுவது. நூறு படுக்கை மருத்துவமனையில் அப்படி ஒரு மாதம் இருக்காது. எழுதப் பயப்படுகிறார்கள் என்றுதான் அர்த்தம். நோயாளிக்குப் போகும் முன்பே பிடிபட்ட தவறுகளையும் எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் பெயர் கட்டாயம் வேண்டாம். மருந்து எங்கே இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, அந்த ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்ற மூன்று கேள்விகள் கட்டாயம் வேண்டும். அறிக்கையால் என்ன மாறியது என்பதை ஒரு வாரத்துக்குள் அந்த வார்டில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது அறிக்கை வராது.