மின்வலிப்பும் எலியின் மூளையும்: டோபமைன் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளை எலியின் இரு காதுகளிலும் கவ்விகளை மாட்டி, ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் செலுத்தினால் வலிப்பு வருகிறது. அதையொட்டி, மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் செல்களுக்கு வெளியே உள்ள டோபமைனின் (நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) அளவு உயர்கிறது. உடனே ‘வலிப்பு டோபமைனைச் சுரக்கச் செய்கிறது’ என்று முடிவெழுதுவதுதான் முதல் தவறு. அந்த உயர்வில் மின்னோட்டம் நரம்புச் செல்களை நேரடியாகத் தூண்டியதன் பங்கும், கவ்வி மாட்டும்போது எலி மிரண்டதன் பங்கும் கலந்திருக்கலாம். கவ்வி மாட்டியும் மின்சாரம் பாய்ச்சாத எலி, வலிப்பு வராத அளவுக்கு மட்டும் மின்சாரம் பெற்ற எலி, மின்சாரமின்றி, வலிப்பை வரவழைக்கும் ஃபுளூரோதைல் ஆவியால் வலிப்பு வந்த எலி ஆகிய மூன்றோடும் ஒப்பிட்டால்தான் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

மின்முனை எங்கே இருக்கிறது என்பதும் சிறிய விஷயமன்று. 1930களில் ரோமில், மின்வலிப்புச் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் லூச்சோ பினி நாய்களின் வாயிலும் ஆசனவாயிலும் மின்முனைகளை வைத்துச் சோதித்தபோது, மின்சாரம் இதயத்தின் வழியே பாய்ந்ததால் சில நாய்கள் இறந்தன.

அடுத்தது கால அளவு. மைக்ரோடயாலிசிஸ் முறையில், மூளைக்குள் செருகிய மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் திரவம் ஓடுகிறது என்றால், 20 நிமிடத்தில் சேர்வது 40 மைக்ரோலிட்டர்தான். வலிப்போ ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே நாம் காணும் எண் வலிப்பையும் அதற்குப் பிந்தைய மயக்க நிலையையும் சேர்த்துக் குழைத்த சராசரி என்பதை மறக்கலாகாது. மூளைத் திசுவை அரைத்து அளந்த மொத்த இருப்பைச் சுரப்பு என்று கொள்வதோ இன்னும் பெரிய பிழை. இருப்பு மாறாமலேயே சுரப்பு பன்மடங்காகலாம். நரம்பு முனை வழக்கமான முறையில் டோபமைனை வெளியிடக் கால்சியம் தேவை. ஆகவே கால்சியம் நீக்கிய திரவத்தை ஓட்டியும் உயர்வு குறையவில்லையெனில், அது நரம்பு முனையிலிருந்து வழக்கமான முறையில் வெளிப்பட்டதா என்றே ஐயுற வேண்டும்.

மயக்க மருந்துகளும் டோபமைனை மாற்றக்கூடியவை. எனவே ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே மருந்தை அதே அளவில் தர வேண்டும்.

ஒரே ஒரு வலிப்பின் விளைவையும் பல நாள் தொடர்ந்து தரும் மின்வலிப்புச் சிகிச்சையின் விளைவையும் ஒன்றாகக் கருதுவோர் உண்டு. முன்னது சில நிமிடங்களில் நிகழும் சுரப்பு. பின்னது, அந்த வேதிச் செய்தியைப் பெறும் செல் புரதங்களான ஏற்பிகளே மாறும் நிலை. அந்த மாற்றத்தையும் அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. தொடர் மின்வலிப்புக்குப் பின் எலியின் மூளைப் புறணியில் செரோடோனின் என்னும் மற்றொரு செய்தி வேதிப்பொருளுக்கான ‘செரோடோனின்-2’ என்ற வகை ஏற்பிகள் கூடுகின்றன. மனச்சோர்வுக்கு மின்வலிப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் செய்த பெட் ஸ்கேன் (மூளையைப் படமெடுக்கும் முறை) ஆய்விலோ அதே ஏற்பிகள் குறைந்திருந்தன.