அயர்லாந்து வேர்களைத் தேடுவோருக்கு: டவுன்லேண்டிலிருந்து தொடங்கும் ஒரு வழிமுறை

தமிழ்நாட்டின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் "நம் முன்னோர் அயர்லாந்துக்காரர்" என்ற ஒரு வரி மட்டும் தலைமுறை தலைமுறையாக மிஞ்சியிருக்கிறது. என் மனைவியின் தாய்வழிக் குடும்பத்திலும் அப்படித்தான். சென்னை மாகாணத்துக்குப் படைவீரராக வந்தவர், கார்க் மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, அவருடைய பெற்றோர் குத்தகைக்கு உழுத நிலத்தின் வரைபடம் வரை செல்ல முடிந்தது. செலவு மிகக் குறைவு, ஏனெனில் அயர்லாந்தின் முக்கிய ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புதிதாகத் தேடத் தொடங்குவோருக்காக அந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், எது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் சில துண்டுகள் தவிர அங்கே அழிந்தன; அயர்லாந்துத் திருச்சபை என்னும் ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும், ஏராளமான உயில்களும் அவற்றோடு போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 கணக்கெடுப்புத் தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு நமக்கு மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் நிலத்தையும் கோவிலையும் ஒட்டிய ஆவணங்கள். அவை ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை என்பதால், வெறும் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஒரே மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஜான் சல்லிவன்கள் வந்து நிற்பார்கள். ஊரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடுவார்கள்.

படி 1: புலம்பெயர்ந்த நாட்டின் ஆவணங்களை முடித்துக்கொள்ளுங்கள்

ஊர்ப்பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது. அவர் சென்று சேர்ந்த நாட்டில்தான் கிடைக்கும். இந்தியாவுக்கு வந்த படைவீரர் என்றால் இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் பெற்ற பிரிட்டிஷ் ராணுவ வீரர்களின் விடுவிப்புப் பத்திரங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் இன்ன பாரிஷில் (திருச்சபைப் பங்கில்), இன்ன நகரத்துக்கு அருகில், இன்ன மாவட்டத்தில் பிறந்தவர் என்று எழுதியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர் பதிவேடுகளும், சென்னை மாகாணத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகளும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகத் தொகுப்பில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸ் நடத்தும் கட்டணமற்ற தேடலை முதலில் பயன்படுத்துவதே நல்லது. கம்பெனியின் பழைய மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு பிற்காலத்தில் ராயல் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1881-இல் பம்பாய்ப் பிரிவோடு இணைந்து ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆயிற்று. ஆகவே உங்கள் வீட்டுத் தாள்களில் டப்ளின் என்று இருந்தால், அது பிறந்த ஊரா, படைப்பிரிவின் பெயரா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்றவர்களுக்கு வழி வேறு. பாஸ்டன் நகரின் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வெளிவந்த, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களில் பிறந்த ஊர் வரை தரப்பட்டிருக்கும். நியூயார்க் எமிகிரன்ட் சேவிங்ஸ் வங்கியின் பழைய கணக்குப் பதிவேடுகளும் அதே போன்ற புதையல்.

படி 2: டவுன்லேண்டைக் கண்டுபிடித்து அதன் முழு முகவரியை எழுதுங்கள்

பலரும் தடுக்கி நிற்கும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் எடுத்தது இந்தப் படியே.

டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு. சில நூறு ஏக்கர், அதில் ஒரு கைப்பிடி வீடுகள். நாடு முழுவதும் இவை அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. பாலிபெக், கில்மோர் போன்ற பெயர்கள் பல மாவட்டங்களில், சில மாவட்டங்களுக்குள்ளேயே பல இடங்களில் வரும். அதனால் டவுன்லேண்டின் பெயர் மட்டும் போதாது; அது எந்தெந்தப் பெரிய பிரிவுகளுக்குள் அடங்குகிறது என்பதும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பெரிய பிரிவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காக அடங்குவதில்லை.

சிவில் பாரிஷ் என்பது இடைக்காலத்துப் பழைய எல்லை. கத்தோலிக்கப் பங்கு பிற்காலத்தில் வேறு எல்லைகளோடு அமைந்தது; பெயரும் பல சமயம் வேறு. 1838-க்குப் பின் ஏழைகள் நிவாரணத்துக்காக உருவான புவர் லா யூனியன் ஒரு சந்தை நகரத்தை மையமாக வைத்து வரையப்பட்டதால் மாவட்ட எல்லைகளையே தாண்டிச் செல்லும். கேரிக் ஆன் ஷூர் யூனியனில் டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட், கில்கென்னி ஆகிய மூன்று மாவட்டங்களின் பகுதிகளும் உண்டு. கில்கென்னியில் பிறந்த குழந்தையின் பதிவு அந்த யூனியனின் பெயரில் இருக்கும்போது, கில்கென்னி என்று மட்டும் தேடுபவர் அதைக் காணாமலே போய்விடுவார்.

எனவே ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: டவுன்லேண்ட், சிவில் பாரிஷ், கத்தோலிக்கப் பங்கு, புவர் லா யூனியன், மாவட்டத் தேர்தல் பிரிவு. நில ஆவணங்களுக்கு இரண்டாவது, திருமுழுக்குக்கு மூன்றாவது, பிறப்பு இறப்புப் பதிவுக்கு நான்காவது, கணக்கெடுப்புக்கு ஐந்தாவது பெயர் உதவும். இவற்றைத் திரட்ட நான் எப்போதும் முதலில் திறப்பது லோகனிம் (logainm.ie) என்னும் ஊர்ப்பெயர்த் தரவுத்தளம். அதில் ஐரிஷ் மொழிப் பெயரும் பழைய எழுத்து வடிவங்களும் கிடைக்கும். பங்கு எல்லைகளுக்கும், ஒரு குடும்பப்பெயர் எந்தப் பாரிஷில் அதிகம் என்று பார்ப்பதற்கும் ஜான் கிரென்ஹமின் தளத்துக்கு இணையானது இல்லை என்பது என் கருத்து. அதில் சில பகுதிகளுக்குக் கட்டணம் உண்டு.

ஊர்ப்பெயரை ஒலியாக மட்டும் கேட்டு எழுதிய படை எழுத்தர்கள் அதைப் பெரிதும் சிதைத்திருப்பார்கள். சிதைந்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு அருகிலுள்ள நகரத்தைச் சுற்றியிருக்கும் டவுன்லேண்டுகளின் பட்டியலை வரிசையாகப் படியுங்கள். எங்களுக்கு விடை கிடைத்தது அந்தப் பட்டியலில்தான். எந்தத் தேடுபெட்டியிலும் அல்ல.

படி 3: 1901, 1911 கணக்கெடுப்புகள்

உங்கள் முன்னோர் அதற்கு முன்பே வெளியேறியிருந்தாலும் இவற்றைப் பாருங்கள். அண்ணன் தம்பி குடும்பம் அதே நிலத்தில் இருந்திருக்கக்கூடும். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இரண்டும் முழுமையாகக் கிடைக்கின்றன. எழுத்துருவாக்கப்பட்ட பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுப் படிவத்தில் கூரை, சுவர், சன்னல்களின் எண்ணிக்கை, வீடு நின்ற நிலத்தை வைத்திருந்தவர் பெயர் ஆகியவை இருக்கும். 1911 படிவம் மணமான பெண்களிடம் மணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்று கேட்டது. அந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

வயதை நம்ப வேண்டாம். 1909 ஜனவரியில் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியதால், 1901-இல் ஐம்பத்தெட்டு என்று சொன்னவர் 1911-இல் எழுபத்திரண்டு என்று சொல்லியிருப்பது சாதாரணம். அதே ஓய்வூதியத்தால் நமக்கு ஒரு பேருதவியும் உண்டு. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்காக, அப்போது எரியாமலிருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் அதிகாரிகள் தேடிக் குறித்த படிவங்கள் தப்பியிருக்கின்றன. அவற்றில் பெற்றோர் பெயரும் ஊரும் உண்டு. இவையும் அதே காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

படி 4: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்

கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், மற்ற அனைத்தும் 1864 ஜனவரி முதலும் அரசுப் பதிவில் உள்ளன. ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறு ஆண்டு கடந்த பிறப்புகள், எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணங்கள், ஐம்பது ஆண்டு கடந்த இறப்புகள் ஆகியவற்றின் படங்களே கிடைக்கின்றன. பழைய பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தேடல் அட்டவணையில் பெரும்பாலும் இராது; படத்தைத் திறந்தால்தான் தெரியும். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வதுண்டு. திருமுழுக்குத் தேதி பிறந்த தேதிக்கு முந்தியிருந்தால் வேறு குழந்தை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 5: கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்

அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரை உண்டு. அந்தத் தளத்தில் பெயர்த் தேடல் கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சந்தாத் தளங்களில் பெயர் அட்டவணை இருக்கிறது. ஆனால் மங்கிய கையெழுத்தைத் தவறாகப் படித்த இடங்கள் அவற்றில் ஏராளம் என்பதால், எல்லை தெரிந்த பிறகு நேரடியாகப் புரட்டுவதையே நான் விரும்புகிறேன். பல பங்குகளில் லத்தீன் வடிவம் வரும்: ஜேம்ஸ் ஜேகோபஸ் ஆவார், வில்லியம் குலியெல்மஸ் ஆவார். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தாராகவோ அண்டை வீட்டாராகவோ இருப்பார்கள். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர் என்ற வழக்கமும் துணை செய்யும். அதைச் சான்றாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

படி 6: கிரிஃபித் மதிப்பீடு

ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளியான இந்த நில மதிப்பீடு, நம் ஊர் அடங்கலைப் போல, நிலம் வைத்திருந்தவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு ஆகியவற்றைத் தருகிறது. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம். வரிசையின் தொடக்கத்திலுள்ள எண்ணும் பெரிய எழுத்தும் வரைபடத்தில் நிலத்தைக் காட்டும். சிறிய எழுத்து வீட்டைக் குறிக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் தந்தையின் பெயர் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். இதற்கு முந்தைய 1823 முதல் 1837 வரையிலான திருச்சபைத் தசமபாகப் புத்தகங்களில் நிலமற்ற கூலிகள் இடம்பெறவில்லை. பிந்தைய காலத்துக்கு, டப்ளினிலிருந்த மதிப்பீட்டு அலுவலகத்தின் (2023-இல் Tailte Éireann என்ற அரசு நிறுவனத்தோடு இணைந்தது) திருத்தப் புத்தகங்கள் உள்ளன. நிலம் கைமாறிய ஆண்டுகளை வண்ண மைகளில் குறித்திருப்பதால், மரணத்தையோ புலம்பெயர்வையோ ஏறத்தாழ ஆண்டோடு கணிக்கலாம்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

வரைபடத்தில் எண்கள் பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்தத் தளத்திலுள்ள வரைபடங்கள் சில இடங்களில் பிற்காலத் திருத்தப் பதிப்புகள். நிலங்கள் இணைந்தோ பிரிந்தோ இருக்கலாம். அப்போது அண்டை வீட்டாரின் பெயர்களை வைத்து இடத்தை உறுதிசெய்யுங்கள்.

ஆன்ட்ரிம், டவுன் உள்ளிட்ட வடக்கு ஆறு மாவட்டங்களின் ஆவணங்களைத் தேடுவோர் பெல்ஃபாஸ்டிலுள்ள பிரோனி காப்பகத்தை நாட வேண்டும். அங்கே அந்த மாவட்டங்களுக்கான திருத்தப் புத்தகங்கள் இணையத்திலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1901, 1911 கணக்கெடுப்புகளில் மட்டும் இந்த ஆறு மாவட்டங்களும் டப்ளின் தளத்திலேயே அடங்கும். அப்போது தீவு இன்னும் பிரிக்கப்படவில்லை. 1926 ஏப்ரல் 18 அன்று ஐரிஷ் சுதந்திர அரசு எடுத்த அடுத்த கணக்கெடுப்பு, தெற்கின் இருபத்தாறு மாவட்டங்களுக்கு மட்டுமே உரியது.