எந்தப் பழத்தைக் கலோரிக் கணக்கில் சேர்ப்பது?

தினமும் கலோரி கணக்கு வைப்பவர்கள் எல்லாப் பழத்தையும் எடை போட வேண்டாம். வாழை, மா, பலா, சப்போட்டா இந்த நாலையும் எழுதுங்கள், தர்பூசணி, பப்பாளியை ஒரு கிண்ணம் அளவில் நிறுத்திக்கொண்டால் எழுதாமலே விடலாம்.

காரணம் தண்ணீர்தான். 100 கிராம் தர்பூசணியில் சுமார் 30 கலோரி, பப்பாளியில் 43, அதனால் விட்டுப்போனாலும் நாள் கணக்கு பெரிதாகத் தப்பாது. ஆனால் ஒரு நடுத்தர வாழைப்பழமே 100 கலோரியைத் தொடும், பெரிய மாம்பழம் முழுசாக ஒன்று சாப்பிட்டால் 200 வரை போகும், மே மாதத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் இரண்டு என்றால் அது இன்னொரு வேளைச் சாப்பாடு மாதிரி, பழம்தானே என்று விடவே கூடாது.

ஜூஸுக்கு இந்தச் சலுகை கிடையாது, எந்தப் பழமானாலும் போடும் சர்க்கரையோடு சேர்த்து எழுதுங்கள். பேரீச்சை, உலர் திராட்சையும் அப்படியே, 100 கிராமுக்கு 300 கலோரியை ஒட்டி வரும். சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்து கணக்குப் பார்ப்பவர்கள் மட்டும் தர்பூசணி உட்பட எதையும் விடாமல் எழுத வேண்டும்.