செஸ் நேரலை: ஆட்டம் முடிந்ததும் ராஜாக்களை எங்கே வைப்பது?

காய்களின் நகர்வைச் சென்சார் மூலம் அறியும் டிஜிடி மின்னணுப் பலகையில் நேரலை தரும்போது பிழை அதிகம் வருவது ஆட்டம் முடிந்த பிறகுதான். கை குலுக்கிய ஆட்டக்காரர்கள் அதே பலகையில் "இங்கே குதிரை வந்திருந்தால்?" என்று காய்களை நகர்த்திப் பார்ப்பார்கள். சென்சாருக்கு அதுவும் நகர்வுதான். ஆட்டத்தில் நடக்காத நகர்வுகளும் பார்வையாளர் திரையில் சேர்ந்துவிடும்.

அதனால் முடிந்த உடனே நடுவர் இரு ராஜாக்களையும் நடுக் கட்டங்களில் வைக்க வேண்டும். வெள்ளை வென்றால் இ4, டி5 என்ற கட்டங்கள் (இரண்டும் வெள்ளைக் கட்டம்). கறுப்பு வென்றால் டி4, இ5 (இரண்டும் கறுப்புக் கட்டம்). டிரா என்றால் ஒரு வெள்ளைக் கட்டம், ஒரு கறுப்புக் கட்டம், உதாரணமாக இ4, இ5. நேரலையை அனுப்பும் லைவ்செஸ் மென்பொருள் முடிவைத் தானே பதிந்துகொள்ளும். இதை முதல் சுற்றுக்கு முன்பே எல்லா நடுவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்தின் நடுவே நேரலை நின்றால் முதலில் பலகையைப் பாருங்கள். காய் கோட்டின் மேல் நின்றால் சென்சார் அதைக் காணாது; கட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அதைச் சரிசெய்வது நடுவர் வேலை, நேரலை தரும் நீங்கள் தொடாதீர்கள். விடுபட்ட நகர்வுகளை ஆட்டக்காரரின் குறிப்புத்தாளைப் பார்த்துச் சேருங்கள்.

ஏமாற்று வேலையைத் தடுக்க நேரலையை 15 நிமிடம் தாமதமாகக் காட்டுவது நல்லது.