பாலித்தீன் குடிலில் பயிர்: பலர் சறுக்கும் இடங்கள்

பாலித்தீன் தாள் மழையைத் தடுக்கும், சரி. கூடவே காற்றையும் தேனீயையும் தடுத்துவிடும். திறந்த வயலில் இவையெல்லாம் கூலி வாங்காமல் செய்துவந்த வேலை, குடில் போட்ட நாளிலிருந்து நம் தலையில் விழுகிறது. இதை மறப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளைவிடுகின்றன.

முதலில் வெப்பம். சூடான காற்று மேலே ஏறும். உச்சியில் திறப்பு இல்லையென்றால் அங்கேயே தங்கிவிடும். செலவை மிச்சம் பிடிக்க உச்சித் திறப்பைக் குறுக்குபவர்கள் நிறையப் பேர். பக்கமும் உச்சியும் சேர்த்து, தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும். பூச்சி வலை கட்டினால் இன்னும் கூடுதலாக, ஏனென்றால் வெள்ளை ஈயைத் தடுக்கும் நெருக்கமான வலை காற்றையும் பாதி மறிக்கும். அதில் தூசி படிந்தால் கேட்கவே வேண்டாம். அவ்வப்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். காம்பின் கணுவில் மஞ்சள் தட்டி, பூ உதிரும். உடனே ஊட்டச்சத்துக் குறைவு என்று டானிக் தெளிக்க ஓடுவோம். அதற்கு முன், செடி உயரத்தில் நிழலான இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். நிழல்வலையும் இப்படித்தான்: உச்சிவெயிலுக்கு இழுத்து மூடி, வெயில் தணிந்ததும் திறக்க வேண்டும். நாள் முழுக்க மூடியே கிடந்தால் செடி நெட்டையாக வளரும், காய்க்காது.

இரவில் கதை வேறு. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, போதாக்குறைக்கு மாலையில் தண்ணீரும் பாய்ச்சினால், விடியற்காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது குறுக்குக் குழாய்களின் நேர்கீழே சொட்டும். சாம்பல் பூசணம் அந்த வரிசைச் செடிகளில் முதலில் தலைகாட்டினால் ஆச்சரியமில்லை. காலையில் சீக்கிரமே திறந்து ஈரக்காற்றை வெளியே விடுவது, பல நேரம் மருந்தைவிடப் பயன் தரும்.

ரகத் தேர்விலும் ஏமாறுவோம். வெள்ளரி என்றால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகம் வேண்டும். சாதாரண ரகத்தை நட்டுவிட்டு, பிஞ்சு வெம்பி விழுகிறதே என்று வருந்திப் பயனில்லை. தக்காளிக்குத் தேனீ கட்டாயமில்லை. காலையில் பூக்கொத்தை லேசாக உலுக்கிவிட்டால் போதும்.

மண்ணில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். சொட்டுநீரோடு உரம் போய்க்கொண்டே இருக்கிறது. உப்பைக் கழுவி இறக்க மழை இல்லை. நீர் ஆவியாகும்போது உப்பு மேலே வந்து, சொட்டுவான் ஈரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும். இலை விளிம்பு கருகும். அதைப் பார்த்து இன்னும் உரம் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. மண்ணின் உப்பு அளவைச் சோதித்து, தேவைப்பட்டால் உரமில்லா நல்ல தண்ணீரை நிறையவே விட்டுக் கழுவ வேண்டும். வடிகால் இருந்தால்தான் அதுவும் முடியும். பாய்ச்சும் தண்ணீரே உப்பாக இருந்தால் என்ன செய்வது? குடில் கட்டும் முன்பே தண்ணீர்ப் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

அப்புறம் நூற்புழு, மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. ஒரே குடும்பப் பயிரை அடுத்தடுத்து நட்டால், அறுவடை முடிந்து செடியைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். கடும் வெயில் மாதத்தில் குடிலைக் காலியாக விட்டு, மண்ணை நனைத்து, தாளை மண்ணோடு ஒட்ட விரித்து 4 முதல் 6 வாரம் மூடி வைத்தால் நன்றாகக் குறையும். கண்ணாடி போன்ற தெளிவான தாள்தான் வேண்டும். கையில் இருக்கிறதே என்று கறுப்புத் தாளை விரித்தால் மண் அந்த அளவுக்குச் சூடேறாது.

கூரைத் தாளுக்கு வருவோம். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தடிமன் தாளாக இருந்தாலும், வெயிலில் காயும் குழாயோடு ஒட்டும் இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும். அங்கே குழாய்க்கு வெள்ளை பூசிவிடுங்கள். கந்தக மருந்தை அடிக்கடி அடித்தாலும் தாளின் ஆயுள் குறையும். தாளைக் காற்றில்லாத, வெயில் ஏறாத காலையில் கட்டுங்கள். கட்டி முடித்ததும் விரலால் தட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அன்றைக்கே கழற்றி மறுபடி இழுத்துக் கட்டுங்கள். ஆடுகிற தாள் அடுத்த பெருங்காற்றில் கிழியும்.