படம் முடிந்த பிறகு: ஒரு காட்சியை வைத்து அறம் பேசுவது எப்படி

கோவைக்காரர்களுக்குத் திரைப்படம் நூறாண்டைக் கடந்த பழக்கம். திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்று, 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கைத் தொடங்கினார். அந்தப் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. படம் விட்டதும் பேக்கரியில் உட்கார்ந்து தேநீரோடு அதை அலசுவதும் நமக்கு ஊறிப்போனதுதான். ஆனால் அந்தப் பேச்சு நடிப்பு, பாட்டு, வசூல் என்று சுற்றி வந்து, "அவன் செஞ்சது சரிதானுங்களா?" என்ற கேள்வி எழுந்ததும் ஆளுக்கொரு தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. தத்துவம் தொடங்க வேண்டிய இடத்திலேயே நாம் எழுந்து போய்விடுகிறோம். அந்த இடத்தில் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கான வழிமுறையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், முழுப் படத்தையும் விவாதத்துக்கு எடுக்காதீர்கள். ஒருவர் ஒரு முடிவை எடுக்கும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் காட்சியை ஒருவர் நடிகரின் பெயரோ பாத்திரத்தின் பெயரோ சொல்லாமல், "ஒருவர் இப்படிச் செய்தார்" என்ற அளவில் மற்றவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். இது சிறிய ஏற்பாடாகத் தோன்றினாலும் மிகவும் தேவையானது. பின்னணி இசையும் நெருக்கக் காட்சியும் நாயகன்மீது நமக்குள்ள பற்றும் சேர்ந்து, நாம் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகின்றன. பெயரை நீக்கிச் சொல்லும்போது, அதே செயலை வில்லன் செய்திருந்தால் நாம் ஏற்றிருப்போமா என்பது உடனே தெரிந்துவிடும். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களாகிய நமக்கு மட்டும் தெரிந்ததை வைத்து அவரை எடைபோடுவது நியாயமாகாது.

தமிழ்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். வயதான தாய்க்குத் தீராத நோய் என்று மருத்துவர் சொல்கிறார். மகன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறான். நம் வீடுகளிலும் இது நடக்கிறது என்பதால் எல்லோருக்கும் இதில் கருத்து இருக்கும். உடனே யாராவது ஒருவர் திருக்குறளை எடுப்பார்: "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." அதை அங்கேயே நிறுத்தி, வள்ளுவர் வைத்த நிபந்தனையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பொய்யால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். மறைப்பதால் நிம்மதி அடைவது தாயா, அல்லது அவரது அழுகையைப் பார்க்க முடியாத மகனா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாதவரை அந்தக் குறளைத் துணைக்கு அழைக்க நமக்கு உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். எதிர்முனையில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் நிற்கிறார். உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதியவர் அவர். இந்த இரு நிலைகளுக்கும் நடுவே உங்கள் குழுவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொருவரும் காரணத்தோடு சொல்லட்டும்.

இனி, வாதத்தை நடத்தும் முறை. அதை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சமண முனிவர் பவணந்தி, தம் நன்னூலின் பாயிரத்தில் ஏழுவகை மதங்களை, அதாவது கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை, சொல்கிறார். பிறர் கருத்தோடு உடன்படுதல், அதை மறுத்தல், தாமே ஒரு கருத்தை நாட்டி நிறுவுதல், பிறர் நூலில் குற்றம் காட்டுதல் போன்றவை நமக்கு இயல்பாகவே வரும். அவற்றுக்குப் பயிற்சி தேவையில்லை. நாம் கைக்கொள்ளாதது, "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு" என்பது. எதிராளியின் கருத்தை முதலில் உண்மையாகவே ஏற்று, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அவரோடு நடந்து பார்த்து, அதன் பிறகே அதை விலக்குவதுதான் அது. தாயிடம் மறைத்தது சரி என்று தாய்மாமன் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மருமகன் இப்படிக் கேட்கலாம்: "நீங்க சொல்றதையே எடுத்துக்குவோமுங்க மாமா. அப்படீன்னா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாலும் நாங்க மறைக்கோணுமுங்களா?" மாமா சற்று யோசித்துவிட்டு, "இல்ல கண்ணு, எங்கிட்டச் சொல்லிப்போடோணும்" என்பாரானால், அங்கேதான் உரையாடல் உயிர் பெறுகிறது. தமக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையை அவர் ஏன் தம் அக்காவுக்குத் தர மறுக்கிறார்? வயதா, பெண் என்பதா, படிப்பா? இதற்குப் பதில் தேடும்போது மாமாவை யாரும் தோற்கடிக்கவில்லை. அவர் கருத்திலிருந்த இடைவெளியை அவரே கண்டுகொள்கிறார்.

அடுத்த வேலை, காட்சியில் ஒரே ஒரு விவரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. 1967-இல் பிலிப்பா ஃபூட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், கட்டுப்பாடு இழந்த டிராம் வண்டியின் ஓட்டுநர் ஐந்து பேரைக் காக்க ஒருவர் நிற்கும் தடத்துக்கு வண்டியைத் திருப்பலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியே மாற்றி நம் தீர்ப்பு எங்கே புரள்கிறது என்று பார்க்க முடிவதுதான். தாய் நேருக்கு நேராக, "எனக்கு என்ன நோய்?" என்று கேட்டுவிட்டால் மகன் என்ன செய்ய வேண்டும்? பொள்ளாச்சிப் பக்கம் அவர் பெயரில் உள்ள தென்னந்தோப்பைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்து எழுதிவைக்க அவர் நினைத்திருந்தால்? மறைப்பவனே அந்தத் தோப்பில் பங்குள்ளவனாக இருந்தால்? ஒரே நேரத்தில் இரண்டு விவரங்களை மாற்றாதீர்கள். மாற்றினால் எது உங்கள் மனத்தை மாற்றியது என்று சொல்ல முடியாமல் போகும்.

பஞ்சாயத்துக் காட்சிகளுக்கு வேறொரு சோதனை தேவை. கொங்கு நாட்டைக் களமாகக் கொண்ட படங்கள், சொந்த உறவினருக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லும் பெரியவரை மிகவும் கொண்டாடியிருக்கின்றன. அவரது நடுநிலையில் ஐயமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் முன்வைத்த சோதனை அதைவிட ஆழமானது. நீ எந்தச் சாதியில், எந்த வீட்டில், ஆணாகவா பெண்ணாகவா பிறப்பாய் என்பது தெரியாத நிலையில், இந்த ஊரின் விதிகளை ஏற்பாயா? அப்படிக் கேட்டால் நம் பார்வை தீர்ப்பிலிருந்து ஆலமரத்தடி மேடைக்கு நகரும். அங்கே உட்காரும் உரிமை யாருக்கு இருந்தது, யார் கைகட்டி நின்றார்கள் என்பது தெரியும். நம் பகுதியில் இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். சங்கடம் என்பதற்காகத் தவிர்த்தால், மற்ற எல்லாப் பேச்சும் பொழுதுபோக்காகிவிடும்.

திரைப்படத்திலிருந்து வாழ்க்கைக்கு வரும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. படத்துக்கு ஒரு வில்லன் வேண்டும்; வாழ்க்கையில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. ஆற்றைக் கெடுக்கும் முதலாளி ஒருவனை நாயகன் அடித்து வீழ்த்தும் காட்சியைப் பார்த்துவிட்டு, நொய்யலை நினைத்துப் பாருங்கள். திருப்பூரின் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே உழவர்களுக்குச் சுமையாயிற்று; 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு பட்டறையின் கழிவு மட்டும் ஆற்றைக் கொன்றிருக்காது. விலையைக் குறைக்கச் சொன்ன வெளிநாட்டுக் கொள்முதலாளர், கண்டுகொள்ளாத அதிகாரி, பனியன் கம்பெனிக் கூலியில் குடும்பம் நடத்தியவர், மலிவாகக் கிடைத்ததால் வாங்கி உடுத்திய நாம் என்று பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதால் எல்லோரும் சமம் என்றும் ஆகிவிடாது. தடுக்கும் ஆற்றல் யாருக்கு அதிகம் இருந்தது, ஆதாயம் யாருக்குப் போயிற்று, விளைவு யாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்ற மூன்றையும் தனித்தனியே கேட்டுப் பங்கைப் பிரித்துப் பாருங்கள்.

நடைமுறையில் நான்கைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு கிளை பிரிந்துவிடும். வயதும் தொழிலும் கலந்திருப்பது நல்லது. வீட்டில் நடத்தினால் பெண்கள் அடுக்களையில் இருக்கும்போது தொடங்காதீர்கள். குழுவில் அதிகம் படித்தவரோ அதிகம் பேசுபவரோ கடைசியாகக் கருத்துச் சொல்லட்டும். கலையும் முன்பு ஒவ்வொருவரும், அன்று தாம் மாற்றிக்கொண்ட கருத்து ஏதேனும் இருந்தால் அதையும், விடை கிடைக்காமல் நின்றுபோன கேள்வியையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாளையே பயன்படுத்துங்கள்.